டேனியல் பூனின் நிலம் எங்கே போனது? கென்டக்கி, மேடிசன் கவுன்ட்டியின் தொடக்க காலம்

ஜனவரி 9, மாலை. கேள்வி

கென்டக்கியைக் கண்டுபிடித்தவரும் அங்கே முதல் ஊர் அமைத்தவரும் டேனியல் பூன் என்று படித்தேன். அப்படிப்பட்டவர் கடைசியில் அங்கே ஒரு ஏக்கர்கூட இல்லாமல் வெளியேறினாராம். படிக்காத வேட்டைக்காரர், வக்கீல்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. சரிதானா? விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

தம்பி, மூன்றையும் திருத்த வேண்டும்.

கென்டக்கி என்பது ஷானி, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் வேட்டைக்காடு. அவர்களுடைய போர்ப்பாதைதான் கம்பர்லாந்து கணவாய் வழியாகப் போனது. வெள்ளையர் கணக்கில் பார்த்தாலும் 1750-லேயே தாமஸ் வாக்கர் அந்தக் கணவாயைக் கடந்துவிட்டார். பூன் புறப்பட்டது 1769 மே மாதம். அதுவும் ஏற்கெனவே போய் வந்த வியாபாரி ஜான் ஃபின்ட்லியைக் கூட்டிக்கொண்டு.

முதல் ஊர் ஹாரட்ஸ்பர்க். ஜேம்ஸ் ஹாரட் 1774 ஜூனில் இடம் போட்டார், போர் வந்ததும் விட்டுப் போனார், 1775 மார்ச்சில் திரும்பி வந்து குடியேறினார். பூன் ஆள்களோடு கென்டக்கி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது ஏப்ரல் 1. சில வாரங்கள்தான் பின்னால், ஆனாலும் பின்னால்தான்.

படிக்காதவர் என்பது பெரிய அநியாயம். எழுத்துப்பிழை நிறைய விடுவார், அவ்வளவுதான். துணை நில அளவராக வேலை பார்த்தவர். வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு மூன்று தடவை தேர்வானவர். நிலம் போனதற்குக் காரணம் படிப்பில் இல்லை. அது பட்டா வாங்கும் முறையில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் பாதை, வீடு, சோளம், உப்பு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

ஜனவரி 10

பாதையிலிருந்து தொடங்குகிறேன்.

ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற முன்னாள் நீதிபதி டிரான்சில்வேனியா கம்பெனி என்று ஒன்று தொடங்கினார். 1775 மார்ச்சில் சைக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கித் தலைவர்களிடம் ஏறக்குறைய 2 கோடி ஏக்கருக்கு ஒப்பந்தம் போட்டார். விலை 10,000 பவுண்டு, பெரும்பகுதி துணிமணி, துப்பாக்கி முதலான சரக்காக. இளம் தலைவர் டிராகிங் கனூ அங்கேயே எதிர்த்தார். அதே நிலத்தில் வேட்டையாடி வந்த ஷானிகளை யாரும் கேட்கவே இல்லை. தனி ஆள் இப்படி வாங்கக்கூடாது என்று அரசு தடை போட்டிருந்த காலம் அது. ஆக, மூலப்பத்திரமே செல்லாதது. பின்னால் வந்த வில்லங்கம் அத்தனைக்கும் வேர் இதுதான்.

ஒப்பந்தம் முடியும்வரைகூடக் காத்திருக்காமல் கம்பெனிக்காகப் பாதை வெட்ட மார்ச் 10-ஆம் தேதியே பூன் சுமார் 30 கோடாரிக்காரர்களோடு ஹோல்ஸ்டன் ஆற்றிலிருந்து கிளம்பிவிட்டார். ஏறக்குறைய 200 மைல். மூன்று வாரத்தில் முடிந்தது. சாலை போட்டார்கள் என்று படிக்கும்போது வண்டிச்சாலையை மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது. இருந்த விலங்குத்தடத்தையும் போர்ப்பாதையையும் பிடித்துக்கொண்டு, சுமைக்குதிரை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அகலத்துக்குப் புதரையும் நாணலையும் வெட்டினார்கள். வழிநெடுக மரப்பட்டையைக் கொத்தி அடையாளம் வைத்தார்கள். விழுந்த பெரிய மரத்தை வெட்டுவதில்லை, சுற்றிப் போவார்கள். ஆற்றுக்குப் பாலம் கிடையாது, ஆழமில்லாத துறை பார்த்து இறங்க வேண்டியதுதான். அந்த வழியில் வண்டி ஓடத் தொடங்கியது 1796-இல். அதுவரை குடும்பங்கள் கொண்டுபோனது குதிரை முதுகில் ஏறுவது மட்டும்: கோடாரித் தலை (காம்பு அங்கேயே செதுக்கிக்கொள்ளலாம்), துப்பாக்கி, ஈயம், வெடிமருந்து, விதை, ஒரு இரும்புச் சட்டி.

மார்ச் 25 விடியற்காலையில் கூடாரத்தின்மேல் தாக்குதல் நடந்தது. கேப்டன் ட்விட்டியும் அவருடைய அடிமை சாமும் இறந்தார்கள்.

இந்த வேலைக்குப் பூனுக்குப் பேசிய கூலி 2,000 ஏக்கர். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. 1778-இல் வர்ஜீனியா அரசு, ஹென்டர்சன் கம்பெனியின் உரிமையை ரத்து செய்தது. கம்பெனி கூட்டாளிகளுக்கு ஆறுதலாகக் க்ரீன் ஆற்றங்கரையில் 2 லட்சம் ஏக்கர் கிடைத்தது. பாதை வெட்டியவருக்கு அந்த 2,000 கிடைக்கவில்லை. பூன் இழந்த முதல் நிலம் அது. நீதிமன்றமே இல்லாமல் போனது.

ஜனவரி 10, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. குடியேறிய கையோடு, 1775 மே 23-இல், கென்டக்கி ஆற்றங்கரையில் பூன் அமைத்த பூன்ஸ்பரோவில் ஒரு பெரிய எல்ம் மரத்தடியில் நான்கு குடியிருப்புகளின் பிரதிநிதிகள் கூடிச் சட்டம் இயற்றினார்கள். பூன் கொண்டுவந்தவை வேட்டை விலங்குகளைக் காப்பது, குதிரை இனத்தை மேம்படுத்துவது இரண்டும். காரணம் இருக்கிறது. வந்து இறங்கிய சில வாரத்திலேயே இறைச்சிக்கு 15, 20 மைல் போக வேண்டியிருந்தது, சில நாள் 30 மைல். பைசன் எருதைச் சுட்டு நாக்கையும் திமிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அழுகவிட்டால் வேறென்ன நடக்கும்?

ஜனவரி 12

வீடு எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வழக்கமான அளவு 16-க்கு 20 அடி. அதற்குமேல் நீளமான கட்டையை நாலு பேர் தூக்கி ஏற்ற முடியாது. 8 முதல் 10 அங்குலத் தடிமனுள்ள நேரான மரம். மூலையில் காடி எடுத்துப் பொருத்த வேண்டும், ஆணி கிடையாது. காடியை மேல்கட்டையின் அடிப்பக்கத்தில் எடுக்க வேண்டும். அவசரத்தில் கீழ்க்கட்டையின் மேல்பக்கத்தில் குழித்துவிட்டால் அது கிண்ணம் மாதிரி மழைநீரைப் பிடித்துவைக்கும், சில வருஷத்தில் மூலை உளுத்து வீடு ஒரு பக்கம் இறங்கும். பழைய வீடுகளில் முதலில் பழுதாகும் இடம் தரைக்கட்டை, அடுத்தது மூலை.

கட்டைகளுக்கு நடுவே உள்ள சந்தில் முதலில் மரச்சிம்பும் கல்லும் செருகி, அதன்மேல் களிமண் பூச வேண்டும். வெறும் களிமண் அடைத்தால் காய்ந்ததும் சுருங்கி விழுந்துவிடும். பச்சைமரத்தில் கட்டிய வீடு முதல் வருஷம் முழுக்கச் சுருங்கும், அதனால் அடுத்த குளிருக்குமுன் மறுபடி பூசியே ஆகணும்.

கூரைக்கு வெள்ளை ஓக். 4 அடித் துண்டாக அறுத்து, நாருக்கு இணையாகப் பிளந்து பலகை எடுப்பார்கள். ரம்பத்தால் அறுத்தால் நார் அறுந்து தண்ணீர் உள்ளே இறங்கும், பிளந்தால் இறங்காது. ஆணிக்குப் பதிலாகப் பலகை வரிசைமேல் பாரக்கழி வைத்து அழுத்துவது.

புகைபோக்கிதான் எனக்குப் பிடித்த பகுதி. கல் கிடைக்காத இடத்தில் குச்சியை அடுக்கிக் களிமண் பூசிக் கட்டுவார்கள். களிமண் உதிர்ந்தால் குச்சி தீப்பிடிக்கும். அதனால் புகைபோக்கியைச் சுவரோடு ஒட்டாமல் வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டி, இரண்டு முட்டுக்கழி கொடுத்து நிறுத்துவார்கள். தீப்பிடித்தால் கழியைத் தட்டிவிட வேண்டியது, புகைபோக்கி வெளியே விழும், வீடு தப்பிக்கும்.

பூன்ஸ்பரோ கோட்டை என்பது இந்த வீடுகளையே வரிசையாக அடுக்கி, முதுகுச்சுவரை வெளிப்பக்கம் வைத்து, இடைவெளியில் கூர்முனைக் கம்பம் நட்ட ஒரு நீள்சதுரம். நாலு மூலையிலும் காவல்மாடம். இதைப் பல ஆண்டு முடிக்காமலே வைத்திருந்தார்கள் என்பதுதான் குறை. ஆளாளுக்குத் தன் நிலத்தைக் குறிக்கக் காட்டுக்குள் போய்விட்டார்கள், கம்பம் நட ஆளில்லை. 1778 தொடக்கத்தில்கூட ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. நீரூற்றும் வேலிக்கு வெளியே. உப்பு விஷயத்துக்கு இது வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 13

சோளம் பற்றி, சுருக்கமாக.

காட்டை வெட்டி வேரோடு பிடுங்கி நிலம் திருத்துவது அந்த ஆள்பலத்துக்கு ஆகாது. மரத்தைச் சுற்றிக் கையகலத்துக்குப் பட்டையை உரித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரப்பட்டையும் சேர்ந்து வரணும், மெல்லிய கீற்று விட்டாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். இலை உதிர்ந்து வெயில் தரைக்கு வந்ததும் செத்த மரங்களுக்கு நடுவே மண்வெட்டியால் குழி போட்டு மக்காச்சோளம். வேர் நிறைந்த மண்ணில் கலப்பை ஓடாது. அடுத்த மூன்று நாலு வருஷம் காய்ந்த கிளை எப்போது யார் தலையில் விழும் என்று தெரியாது, காற்று நாளில் வயலுக்குப் போகமாட்டார்கள்.

இந்தச் சோளம் சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. 1779 நிலச் சட்டப்படி, 1778 ஜனவரி 1-க்கு முன் ஒரு வருஷம் குடியிருந்தவர் அல்லது ஒரு போகம் சோளம் விளைவித்தவர் 400 ஏக்கருக்குக் குடியேற்ற உரிமை கேட்கலாம். அதையொட்டி இன்னும் 1,000 ஏக்கரை முந்தி வாங்கும் உரிமையும் உண்டு. ஒரு சிறு சோளக்கொல்லை 1,400 ஏக்கருக்குச் சாட்சி. அதனால்தான் கோட்டை வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

ஜனவரி 15

உப்பு. பூனின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் இதனால்தான், ஆனால் செய்முறையை யாரும் எழுதுவதில்லை.

இறைச்சியைக் கெடாமல் வைக்கவும் தோல் பதப்படுத்தவும் மாட்டுக்குக் கொடுக்கவும் உப்பு வேண்டும். கிழக்கேயிருந்து குதிரையில் கொண்டுவந்து கட்டுப்படியாகாது. லிக்கிங் ஆற்றங்கரையில் ப்ளூ லிக்ஸ் என்ற உப்புச் சுனை இருந்தது, பைசன்கள் வந்து மண்ணை நக்கும் இடம். தண்ணீரில் உப்பு குறைவு. ஒரு புஷெல் உப்புக்கு, அதாவது 50 பவுண்டுக்கு, 800 கேலனுக்கு மேல் காய்ச்ச வேண்டும். நம் கணக்கில் சுமார் 23 கிலோ உப்புக்கு 3,600 லிட்டர் தண்ணீர்.

தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டி, இரு பக்கமும் கல்லும் களிமண்ணும் வைத்து, அதன்மேல் இரும்புக் கொப்பரைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். ஒரு முனையில் நெருப்பு, மறுமுனையில் புகை போகும் வழி. நெருப்புக்குப் பக்கத்துக் கொப்பரை வற்ற வற்ற, அடுத்ததிலிருந்து மொண்டு ஊற்றுவது. முதலில் வரும் அழுக்கு நுரையை எடுத்துவிட வேண்டும். உப்பு படிய ஆரம்பித்ததும் அள்ளிக் கூடையில் போட்டு வடியவிட வேண்டும். கடைசிச் சொட்டுவரை வற்றவைப்பவர்கள் கெட்டார்கள். மிச்சமிருக்கும் நீரில் கசப்பு உப்புகள் இருக்கும், அவையும் சேர்ந்தால் உப்பு கசக்கும், காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கசிந்துகொண்டே இருக்கும்.

விறகுதான் கொள்ளை. திறந்த பள்ள அடுப்பில் எரியும் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனாலே பெரிது. நான் போட்ட கணக்குப்படி ஒரு புஷெலுக்கு 3 டன் விறகு. ஆகவே காய்ச்சுபவர்களைவிட வெட்டுபவர்கள் அதிகம் வேண்டும்.

அதனால்தான் 1778 ஜனவரியில் பூன் 30 ஆள்களைக் கூட்டிப் போனார். குளிர்காலத்தில் தாக்குதல் வராது என்ற நம்பிக்கை. பிப்ரவரி 7-இல் இறைச்சிக்காக வேட்டையாடப் போனவர் பனிப்புயலில் ஷானிகளிடம் சிக்கினார். அவர்கள் நேராகப் பூன்ஸ்பரோவுக்குப் போவதாக இருந்தது. ஒரு பக்கச் சுவர் இல்லாத கோட்டை, உள்ளே பெண்களும் குழந்தைகளும். பூன் ஒப்பந்தம் பேசி, மறுநாள் உப்புக்காரர்களைச் சண்டையில்லாமல் சரணடைய வைத்தார். துரோகம் என்று சொன்னவர்கள் ராணுவ விசாரணைவரை கொண்டுபோனார்கள், குற்றமில்லை என்று தீர்ந்து பதவி உயர்வும் கிடைத்தது. சுவர் முடிந்திருந்தால் அவர் அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 16

திருத்தம். நேற்று கேலனை 4.5 லிட்டராகப் பெருக்கிவிட்டேன். அது இம்பீரியல் கேலன், 1824-இல்தான் வந்தது. அந்தக் காலத்துக் குடியேற்றங்களில் புழங்கியது 3.785 லிட்டர் கேலன். ஆகவே 800 கேலன் என்பது சுமார் 3,000 லிட்டர், விறகு இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஜனவரி 16, மாலை

"பூன்ஸ்பரோ முற்றுகைச் சண்டை பற்றி ஏன் எழுதவில்லை?"

அதைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். சுருக்கமாக: பூன் சிறைப்பட்டிருந்தபோது ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்து எடுத்து, பெரிய ஆமை என்ற பொருளில் ஷெல்டோவீ என்று பெயர் வைத்தார். கோட்டைமேல் படை வரப்போவது தெரிந்ததும் பூன் ஜூன் 16-இல் தப்பித்து 160 மைலை நாலு நாளில் கடந்து வந்தார். வந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவரைக் கட்டினார்கள். செப்டம்பரில் 400-க்கும் மேற்பட்ட ஆள்கள் சுற்றி வளைத்துப் பத்து நாள்போல இருந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து சுரங்கம் தோண்டினார்கள், மழையில் அது இடிந்தது, போய்விட்டார்கள். கோட்டைக்குள் இறந்த இரண்டு பேரில் ஒருவர் லண்டன் என்ற அடிமை.

ஜனவரி 19

இப்போது நிலம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

வர்ஜீனியா முறையில் பட்டா வாங்க நாலு படி. முதல் படி, இத்தனை ஏக்கருக்கு உரிமை உண்டு என்கிற வாரன்ட். எந்த இடம் என்று அதில் இருக்காது. இரண்டாவது, கவுன்ட்டி அளவரின் புத்தகத்தில் இடத்தைச் சொல்லிப் பதிவு. மூன்றாவது, அளவு எடுத்து வரைபடம். நாலாவது, ஆளுநர் கையெழுத்துடன் பட்டா. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் கெடு.

இரண்டாம் படியில்தான் ஜனம் விழுந்தது. அடுத்து வருபவர் படித்துப் பார்த்து, இந்த இடம் போக மீதி எது என்று தெளிவாகக் கண்டுபிடிக்கும்படி பதிவு இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. எழுதினவர்களோ இன்ன ஓடையின் நீர்ப்பிடிப்பில், இன்னாரின் முகாமுக்குப் பக்கத்தில், பெயர் கொத்திய ஒரு மரத்தை உள்ளடக்கி என்று எழுதினார்கள். எழுதிய நாளில் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அந்த முகாம் தெரியும். பத்து வருஷம் கழித்து முகாம் இல்லை, ஓடைக்கு வேறு பெயர், மரம் அடுப்பில் போய்விட்டது. நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, பதிவு எழுதிய காலத்தில் அந்த அடையாளம் ஊரறிந்ததா? இல்லையென்றால் பதிவு செல்லாது. வடிவம் சொல்லாத குடியேற்ற உரிமைக்கு, வீட்டையோ கொல்லையையோ நடுவில் வைத்துச் சதுரமாக அளந்துகொடுப்பது நீதிமன்ற வழக்கம்.

ஒரே நிலத்துக்குப் பல பட்டா வந்தது இப்படித்தான். முந்தின அளவைச் சரிபார்க்க யாருக்கும் பொறுப்பில்லை. பொது வரைபடம் என்று ஒன்று கிடையாது. கூரை ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது போல ஒரு பட்டாமேல் இன்னொன்று. சாதாரணச் சட்ட நீதிமன்றத்தில் தேதியில் மூத்த பட்டா ஜெயிக்கும், நியாயமுறை நீதிமன்றத்துக்குப் போனால் நல்ல பதிவு ஜெயிக்கும். ஆக ஒரு வழக்கில் ஜெயித்தவர் இன்னொன்றில் தோற்கலாம்.

ஒஹாயோ ஆற்றுக்கு வடகரையில் 1785-இல் இதையே தலைகீழாகச் செய்தார்கள். முதலில் அளவு, பிறகு விற்பனை. 6 மைல் சதுரம், அதற்குள் 36 பிரிவு, ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஆபிரகாம் லிங்கனின் அப்பா 1816-இல் கென்டக்கியை விட்டு அந்தப் பக்கம் போனதற்கு நிலத்தகராறும் ஒரு காரணம்.

ஜனவரி 20

"அவரே அளவர் என்கிறீர்கள், பிறகு எப்படி ஏமாந்தார்?"

அவர் ஏமாந்தவர் மட்டும் இல்லை. ஃபயெட் கவுன்ட்டி அளவர் தாமஸ் மார்ஷலின் கீழ் துணை அளவராக 1783 முதல் சில வருஷத்தில் சுமார் 150 அளவுகள் எடுத்தார். அவருடைய அளவுகளே பலவற்றில் ஒன்றோடொன்று இடித்தன. காரணங்களைச் சொல்கிறேன்.

அளவுக்குழு என்பது திசைமானி பிடிக்கும் அளவர், சங்கிலி பிடிக்க இரண்டு பேர், மரத்தில் குறி வெட்ட ஒருவர். சங்கிலி 66 அடி. அளவு அலகின் பெயர் 'போல்' (pole), அதாவது 16.5 அடி. 160 சதுரப் போல் ஒரு ஏக்கர். 400 ஏக்கர் வேண்டுமென்றால் 400 போல் நீளம், 160 போல் அகலம்.

சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டு இழுத்தால் கிடைமட்ட நீளம் குறையும். 20 பாகைச் சரிவில் 100-க்கு 6 போய்விடும். சங்கிலியை மட்டமாகப் பிடித்து, துண்டு துண்டாகப் படிக்கட்டு போல அளக்க வேண்டும். ஷானிகள் எப்போது வருவார்களோ என்ற பயத்தில் அதற்கு யார் நிற்பார்கள்?

திசைமானி காட்டுவது காந்த வடக்கு, அது வருஷத்துக்கு வருஷம் நகரும். ஒரு பாகை மாறினால் ஒரு மைல் தூரத்தில் 92 அடி தள்ளிப்போகும். 1783-இல் எடுத்த கோணத்தை 1800-இல் அப்படியே வைத்துத் தேடினால் மூலைமரம் கிடைக்காது.

நாலு பக்கமும் நடக்காமல், இரண்டு பக்கம் அளந்து மீதியைக் காகிதத்தில் முடிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வரைபடம் அழகாக மூடிக்கொள்ளும், நிலத்தில் மூடாது.

பூன் காட்டில் திசை தவறாதவர். அந்தத் திறமையே அவரைக் கெடுத்தது என்பது என் கருத்து. அவருக்கு ஓடையும் மேடும் மனப்பாடம், அதனால் மற்றவர்களும் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்து எழுதினார்.

ஜனவரி 21

சங்கிலி பற்றி நேற்று எழுதியது தப்பு. 66 அடி என்பது முழு குன்டர் சங்கிலி. நம் ஊர்ப் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே 100 லிங்க் சங்கிலிதான். வர்ஜீனியா, கென்டக்கிக் காடுகளில் பெரும்பாலும் பாதிச் சங்கிலி: 33 அடி, 50 லிங்க், இரண்டு போல். மரங்களுக்கு நடுவே முழுச் சங்கிலி சிக்கிக்கொள்ளும்.

இது சின்னத் திருத்தம் இல்லை. பத்துச் சங்கிலிக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்து அளப்பார்கள். பாதிச் சங்கிலியில் ஒரு எண்ணிக்கை விட்டுப்போனால் 20 போல், 330 அடி காணாமல் போகும்.

ஜனவரி 23

கடன் பக்கமும் சொல்லணும். பூன் பதிவு, வாரன்ட், பத்திரம் என்று பல்லாயிரம் ஏக்கர் காகிதத்தில் வைத்திருந்தார். பலவற்றை உத்தரவாதம் எழுதிக்கொடுத்து விற்றார். வாங்கினவரை வேறொரு பட்டாக்காரர் வெளியேற்றினால் ஈடு கட்ட வேண்டியது பூன். 1780-இல் குடியேறியவர்களுக்கு வாரன்ட் வாங்க ஏறக்குறைய 20,000 டாலர் காகிதப் பணத்தோடு வில்லியம்ஸ்பர்க் போன வழியில், விடுதியில் தூங்கும்போது அத்தனையும் திருடு போனது. சிலர் மன்னித்தார்கள், மற்றவர்களுக்குப் பல வருஷம் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு சுமை சாட்சி சொல்வது. எந்த மரம், எந்த முகாம் என்று தெரிந்த பழைய ஆள் அவர்தான், எல்லா வழக்கிலும் அவரைக் கூப்பிடுவார்கள். யார் பக்கம் சொன்னாலும் மறுபக்கத்துக்கு எதிரி. 1798-இல் ஒரு வழக்கில் சாட்சிக்கு வராததால் கைது வாரன்ட் பிறந்தது, அதே வருஷம் ஒரு கவுன்ட்டிக்குப் பூன் என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த வருஷம் அவர் மிசூரிக்குப் போய்விட்டார்.

ஜனவரி 24

முன்னே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தபோது ஒரு குறை பட்டது. கோடாரியையும் கொப்பரையையும் பிடித்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். சாம், லண்டன் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். பூனிடமே 1787-இல் ஏழு அடிமைகள் இருந்தார்கள்.

மேடிசன் கவுன்ட்டி வரலாற்றில் தனியாகச் சொல்ல வேண்டியவர் மங்க் எஸ்டில். குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்துத் துப்பாக்கி மருந்து செய்யத் தெரிந்தவர். குகை மண்ணைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வடிப்பார்கள். அந்த நீரோடு மரச்சாம்பல் நீரைச் சேர்த்தால் சுண்ணாம்பு வெண்மையாகத் திரிந்து கீழே இறங்கும். தெளிந்ததைக் காய்ச்சி ஆறவிட்டால் ஊசி ஊசியாக வெடியுப்பு படியும். சாம்பல் குறைந்தால் உப்பு ஈரம் இழுக்கும், மருந்து நமுத்துப்போகும். பிறகு எடையில் 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம் என்பது வழக்கமான விகிதம். கந்தகம்தான் வெளியிலிருந்து வரணும். 1782 மார்ச்சில் எஸ்டில் கோட்டை ஆள்கள் தோற்ற சண்டையில் மங்க் தப்பித்துக் காயம்பட்ட ஒருவரை 20 மைலுக்கு மேல் சுமந்து வந்தார். அதன்பின் விடுதலை பெற்றார். கென்டக்கியில் விடுதலை பெற்ற முதல் அடிமை என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

ஜனவரி 27

மிசூரியிலும் அதே கதைதான். ஸ்பெயின் அரசு 1,000 ஆர்பென்ட் கொடுத்தது, சுமார் 850 ஏக்கர். பட்டாவை முறைப்படி முடிக்க நியூ ஆர்லியன்ஸ்வரை போயிருக்க வேண்டும், போகவில்லை. 1803-இல் நிலப்பரப்பு அமெரிக்காவிடம் வந்ததும் உரிமை செல்லாமல் போனது. 1814-இல் அமெரிக்க நாடாளுமன்றம் திருப்பிக் கொடுத்தது. கென்டக்கிக் கடன்காரர்களுக்காகப் பெரும்பகுதியை விற்றார். 1820 செப்டம்பர் 26-இல் மகன் நேதன் வீட்டில் இறந்தார்.

பிப்ரவரி 2

பழைய அளவு ஒன்றை வரைந்து பார்க்க விரும்புபவர்கள் கேட்டதால் இது.

முதலில் எந்தக் கவுன்ட்டி என்று பாருங்கள். 1776 கடைசி நாளில் ஃபின்காசில் என்ற வர்ஜீனியா கவுன்ட்டி உடைந்து கென்டக்கி கவுன்ட்டி பிறந்தது. 1780-இல் அது ஃபயெட், ஜெஃபர்சன், லிங்கன் என மூன்றானது. லிங்கனிலிருந்து 1785 சட்டப்படி மேடிசன். கென்டக்கி ஆறு ஃபயெட்டுக்கும் லிங்கனுக்கும் எல்லை. பூன்ஸ்பரோ தென்கரையில், ஆகவே லிங்கன், பிறகு மேடிசன். பூன் துணை அளவராக இருந்தது வடகரை ஃபயெட்டில். அவருடைய அளவுகளை மேடிசனில் தேடி நாளைத் தொலைக்காதீர்கள். 1798 முதல் மேடிசனின் தலைமையிடம் ரிச்மண்ட், வர்ஜீனியாவின் தலைநகரும் ரிச்மண்ட். ஆவணத்தில் ரிச்மண்ட் என்று வந்தால் எது என்று இரண்டு தடவை பாருங்கள்.

போலை 16.5-ஆல் பெருக்கி அடியாக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கோணத்தையும் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பங்காகப் பிரித்துக் கூட்டுங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேராவிட்டால் இடைவெளியை அளந்து பாருங்கள். 20 போலுக்கு அருகில், ஒரு பக்கத்தின் திசையிலேயே இருந்தால் அந்தப் பக்கத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கத்தின் கிழக்குப் பங்கைப்போல இரு மடங்கு இருந்தால், எழுத்தர் கிழக்கை மேற்கு என்று நகலெடுத்திருப்பார். இரண்டும் இல்லாமல் சிறிதாகச் சிதறியிருந்தால் அது சரிவும் சங்கிலித் தேய்மானமும், அதை விட்டுவிடலாம். இடைவெளியே இல்லாமல் கச்சிதமாக மூடினால்தான் சந்தேகப்பட வேண்டும், கடைசிப் பக்கத்தை யாரும் நடந்திருக்கமாட்டார்கள்.

பிப்ரவரி 3

மேலே ஒரு சேர்க்கை. ஆற்றையோ ஓடையையோ ஒரு பக்கமாகக் கொண்ட நிலத்தில், ஓடையின் வளைவுக்கேற்ப என்று மட்டும் எழுதி அளவு கொடுத்திருக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வரைந்து, திறந்திருக்கும் வாயை இன்றைய ஓடையோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் முழுப்படத்தையும் ஒன்றிரண்டு பாகை திருப்புங்கள், காந்த வடக்கு நகர்ந்ததற்காக. பெரும்பாலும் அங்கே உட்கார்ந்துவிடும்.